கேட்டுவிட்டுத் தூண்டில் போட்டவர்

மீன் பிடிக்கப் போகிறவர்கள் முந்தின நாள் தூண்டிலைத் துடைத்து வைப்பார்கள், மாவு பிசைந்து வைப்பார்கள், கட்டுச்சோற்றுக்கு வீட்டில் சொல்லி வைப்பார்கள். அவர் மட்டும் என் கடை வாசலில் வந்து நின்று, "கேட்டாச்சுங்களா?" என்பார். யாரை என்று நாம் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது. கேட்டோமோ, தொலைந்தோம். மீன் ஆபீஸ், அணையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பரிசல்காரர்கள், கரையை ஒட்டிக் காடு கழனி வைத்திருப்பவர் என்று விரலை மடக்க ஆரம்பித்து, அந்த இடத்தில் வழக்கமாக உட்காருகிற இன்னொரு தூண்டில்காரர் வரைக்கும் போய்த்தான் நிற்பார்.

பேரைச் சொல்லாமலேயே எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். சொல்லலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்கு இப்போது வழியில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

திருச்செங்கோட்டில் அவர் ரிக் வண்டி வைத்திருந்தார். போர்வெல் போடுகிற பெரிய லாரி. எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ரிக் மேல்தான் விழும். நான் அந்த வண்டிகளுக்கு ஸ்பேர் விற்கிறவன். எனக்கு முன்பிருந்தே தூண்டில் கிறுக்கு உண்டு. அவருக்கும் உண்டு என்று தெரிந்ததும் சந்தோஷமாகக் கூட்டுச் சேர்ந்தேன். என்ன மாதிரி ஆளிடம் மாட்டிக்கொண்டேன் என்பது மேட்டூருக்கு முதல் தடவை போனபோதுதான் தெரிந்தது.

விடியக் கிளம்பிப் போனோம். நான் நேராக அணைத் தண்ணீர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அவர் என் கையைப் பிடித்தார். "சித்த இருங்க. ஆபீஸு தொறக்கட்டும்" என்றார். ஆபீஸ் திறந்தது. கையெழுத்துப் போடுகிறவர் அன்றைக்கு லீவு. நான் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை யாரையும் கேட்காமல் தூண்டில் முள்ளை வீசியவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இத்தாப் பெரிய அணை. கடல் கணக்கா நிக்குது. நாம ரெண்டு பேரு ரெண்டு மீனு புடிச்சா குறைஞ்சா போயிரும்?"

"கொறையாதுங்க. ஆனா நம்முளுது இல்லையே" என்றார். "அடுத்த வாரம் வரலாமுங்க. தண்ணி எங்க போயிருது?"

"தண்ணி எங்க போயிருதா? தஞ்சாவூருக்குப் போயிருது!" என்று கத்தினேன். அவர் சிரித்தாரே தவிர அசையவில்லை. பிசைந்து கொண்டுபோன மாவைத் திரும்பி வரும் வழியில் ஒரு நாய்க்குப் போட்டோம். அதற்கு முன்னால் அந்த நாய் யாருடையது என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் லைசன்ஸ் கிடைத்தது. அதோடு விட்டாரா? எந்தக் கரையில் உட்காரலாம், மதகுப் பக்கம் எது வரைக்கும் போகக் கூடாது, ஆளுக்கு எத்தனை தூண்டில், எவ்வளவு சின்ன மீன் என்றால் திரும்ப விட வேண்டும், எல்லாம் கேட்டார். புதுத்தண்ணீர் வருகிற மாதங்களில் சினை மீன் மாட்டினால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஆபீஸ்காரர் சொன்னார். "சரிங்க. அது முள்ளை முழுங்கிப்போட்டுதுன்னா என்னங்க பண்றது?" என்று இவர் கேட்டார். அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தூண்டில் நரம்பை மீனின் வாயருகே வெட்டிவிட்டு முள்ளோடு விட்டுவிடுங்கள் என்றார். அடுத்த வருடம் லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனபோது இதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். அதுதான் தெரியுமே என்றேன். "போன வருசம் சொன்னது போன வருசத்துக்குங்க" என்றார். பிறகெல்லாம் இவர் தலை வாசலில் தெரிந்தாலே அந்த ஆபீஸில் பாதிப் பேர் டீக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கரைக்குப் போனாலும் முடியாது. பரிசல்காரர்கள் வலையை எங்கே விட்டிருக்கிறார்கள் என்று குரல் கொடுத்துக் கேட்பார். ஒரு பரிசல்கார அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"அதான் லைசன்ஸு வெச்சிருக்கீங்களே, அப்பறம் எதுக்கு எங்களைக் கேக்கறீங்க?"

"ஆபீஸுக்காரரு மீனுக்குச் சரின்னாருங்க. வலை உங்களுதாச்சே. எம்முள்ளு அதுல மாட்டுச்சுன்னா நீங்கதான உக்காந்து தைக்கோணும்."

அந்த அம்மா துடுப்பால் ஒரு திசையைக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அங்கேதான் எங்களுக்கு நல்ல மீன் விழுந்தது. சரி, ஒரு தடவை பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தடவையும் பலிக்கவில்லை.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போடக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி போய் நின்று, பூசை போட்டு, தேங்காயும் உடைத்தாகிவிட்டது. இவர் வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய், "இங்க போரு போடறமுங்க. உங்க கெணத்துக்கு எதாச்சும் ஆகுமுன்னு நெனைக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டு காட்டுக்காரர்களுக்கும் வரப்புத் தகராறு. அதற்குமேல் சொல்ல வேண்டுமா? பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூச்சல் போட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டவர் இவரைத் திட்டி அனுப்பிவிட்டு வேறு வண்டியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். பக்கத்துக் காட்டுக்காரர் இவருடைய நேர்மையை மெச்சிப் பிறகு இவரையே கூப்பிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். கூப்பிடவில்லை. அவரும் வேறு வண்டியைத்தான் கூப்பிட்டார்.

"உங்களுக்கு என்னத்துக்குங்க இந்த வேலை?" என்று நான் கடிந்துகொண்டேன்.

"நான் போடற ஓட்டையில அவரு தண்ணி எறங்கிப் போச்சுன்னா, நான் எப்புடிங்க தூங்கறது?" என்றார்.

என் கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் வருடக்கணக்காக அவர்தான் உட்காருவார். வேறு யாராவது உட்கார்ந்தால் கடைப் பையனே, "அது அவரு எடமுங்க" என்று எழுப்பிவிடுவான். ஆனாலும் ஒவ்வொரு நாளும், "உக்காரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒரு நாள் எரிச்சலில், "கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே சாமான் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் நின்றுகொண்டே இருக்கிறார். அந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவருடைய வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. முறத்தில் அரிசி பார்த்தபடியே, "எல்லாத்தையும் கேக்கற மகராசனாட்டத்தான் இருப்பாருங்க. கேக்க வேண்டிய எடத்துல மட்டும் வாய் தொறக்காது" என்றார். ஏதோ புருசன் பெண்டாட்டிப் பேச்சு என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே மகள். விசைத்தறித் துணிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் போடுவாள். அவள் கரை டிசைன் போட்ட சேலையை என் மனைவிகூடக் கட்டியிருக்கிறாள். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து அவளுக்கு ஜாதகம் வந்தது. அந்தச் சமயம் அவர் விசாரித்த விசாரணை இருக்கிறதே, அப்பப்பா! பண்ணைக்குத் தீவனம் போடுகிற கடையில் கேட்டார். முட்டை ஏற்றுகிற லாரி டிரைவரைக் கேட்டார். மாப்பிள்ளை படித்த காலேஜில் வாட்ச்மேனைக் கேட்டார். கோயில் பூசாரியைக் கேட்டார். என்னை மூன்று நாள் விடாமல் கேட்டார். எல்லோரும் நல்ல இடம் என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். பொய்யில்லை. மாப்பிள்ளை கெட்ட பையன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒரே பையன், வாயைத் திறப்பதற்கு முன்னால் எதுவும் கைக்கு வந்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டுப் பண்ணை வீட்டுக்குப் போனாள்.

அந்த வருடம் வந்தது தலை ஆடி. எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு மாப்பிள்ளையை அழைத்துக் கறிவிருந்து போடுவார்கள். மாப்பிள்ளை கிளம்பிப் போனாலும் பெண் அந்த மாதம் முடிகிற வரைக்கும் அம்மா வீட்டில்தான் இருப்பாள். இந்த மாப்பிள்ளைக்கு விருந்து சாப்பிட்ட மறுநாள் மேட்டூரில் தூண்டில் போட வேண்டும் என்று ஆசை. செல்போனில் ஏதேதோ மீன் பிடிக்கிற வீடியோ பார்த்திருக்கிறான். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, போட்டோவும் ஆதாரும் அனுப்பச் சொன்னார்.

"ஒரு மீனு புடிக்க ஆதாரா? மீனுகிட்டயா காட்டோணும்?" என்று அவன் சிரித்தான். அனுப்பியும் வைத்தான்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். அவர், அவருடைய வீட்டம்மா, மகள், மாப்பிள்ளை, நான். அவர்கள் மாப்பிள்ளையின் காரில், நான் பின்னாலேயே என் வண்டியில். அணைக்குப் புதுத்தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் மதகுப் பக்கமாகக் கை காட்டி, "அங்கதான் பெருசு பெருசா நிக்குமுங்க மாமா. அங்க போலாம்" என்றான். அங்கே உட்காரக் கூடாது என்று மாமனார் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாப்பிள்ளை முகம் சுண்டிவிட்டது. ஆபீஸில் அனுமதித்த கரையில்தான் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. பெண்கள் இருவரும் புளியஞ்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலமர நிழலில் இருந்தார்கள்.

கடைசியில் மாட்டியது மாப்பிள்ளைக்குத்தான். நரம்பு கிறீச்சென்று ஓடியது. அவனுக்கு இழுக்கத் தெரியவில்லை. மாமனார் பக்கத்தில் நின்று, "உடுங்க மாப்ளைங்க, உடுங்க... இப்ப இழுங்க... சித்த உடுங்க" என்று சொல்லச் சொல்ல, அரைமணிக்குமேல் மல்லுக்கட்டி ஒரு கட்லா மீனைக் கரைக்குக் கொண்டுவந்தான். அவ்வளவு பெரிய கட்லாவை நான் தூண்டிலில் பார்த்ததில்லை. மாமனாரும் மருமகனும் கட்டிப் பிடிக்காத குறை. அவன் உடனே வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை என் கையில் கொடுத்து மீனைத் தூக்கிக் காட்டினான். போனுக்குள் அவனுடைய அம்மா, சித்தப்பா, பண்ணை ஆட்கள் எல்லோரும் தெரிந்தார்கள். "சாமி, வவுத்தப் பாரு! சினை மீனுடா! அப்புடியே கொண்டா!" என்று அந்த அம்மா மகனைக் கொஞ்சிக் குதூகலமாகக் கூவினார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு எதிரில் நிமிர்ந்து நின்று பேசாத மனிதர் அவர். மாப்பிள்ளை வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஐயோ, இன்றைக்கு ஒரு நாளாவது பேசாமல் இருந்துவிடேன் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

"மாப்ளைங்க" என்றார். "மன்னிக்கோணுமுங்க. இதை உட்ரோணுமுங்க."

"எதை?"

"சினை மீனுங்க. இந்த மாசத்துல எடுக்கப்படாதுன்னு சொல்லித்தான் குடுத்திருக்கறாங்க. உங்க கையாலயே உடறீங்களா, நான் உடட்டுங்களா?"

போனுக்குள் யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவர் குரல், "என்ன மாப்ள, உம் மாமன் உனக்கு ஒரு மீனு குடுக்க மாட்டீங்கறானா?" என்றது. நான் அவசரமாகப் போனை அணைத்தேன். ஆனால் காரியம் மிஞ்சிவிட்டது. மாப்பிள்ளை முகமெல்லாம் சிவந்து, மீனைக் கல் மேல் போட்டுவிட்டு, "நீங்களே வெச்சுக் கும்பிடுங்க" என்று காரைப் பார்த்து நடந்தான். இவர் ஓடிப்போய் மீனை இரண்டு கையாலும் வாரியெடுத்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, முள்ளைக் கழற்றி, அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் அது அப்படியே கிடந்தது. பிறகு ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

அதற்குள் மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்துகொண்டு மனைவியைப் பார்த்துச் சத்தம் போட்டான். "வாரியா? இல்ல, உங்கப்பனோட உக்காந்து மீனு புடிக்கறியா?"

ஆடி மாதம். அவள் அம்மா வீட்டில் இருக்க வேண்டிய நாட்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீரில் நின்றபடியே, எங்கள் பக்கத்து அப்பன்மார் சொல்வதையே சொன்னார். "போ சாமி. மாப்ளைங்க கூப்புடறாங்கல்ல."

அவள் கார் வரைக்கும் போனாள். போனவள் திரும்பிக் கரைக்கு வந்தாள். கோபமாகத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, ஒரு மீனை உடறதுக்கு ஆபீஸக் கேட்டீங்க, அவரைக் கேட்டீங்க. என்னைய அந்த ஊட்டுக்குக் குடுக்கையில ஊரெல்லாம் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டாள். அவளுடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். இவர் தண்ணீரை விட்டு ஏறிவர வெகுநேரம் ஆயிற்று. என் வண்டியில்தான் மூன்று பேரும் ஊர் திரும்பினோம்.

ஆடி முடிவதற்குள் பெண் போய்விட்டாள் என்றால் எங்கள் ஊரில் பேசாமல் இருப்பார்களா? ஆளுக்கு ஒன்று பேசினார்கள். மாமனார் நேரில் வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி எந்த நோம்பிக்கும் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று நாமக்கல்லிலிருந்து சொல்லிவிட்டார்கள். மகள் போனை எடுப்பதில்லை. எடுக்க விடுவதில்லையோ, எடுக்கப் பிடிக்கவில்லையோ, இவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது. ஒரே மகளை இப்படியே இழந்துவிடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு நாள் கடைக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்கவில்லை.

"ஏனுங்க, ஒரு மீனு. போய் ரெண்டு வார்த்தை தப்புன்னு சொல்லிப்போட்டு வந்துருங்களேன். புள்ளையோட வாழ்க்கையில்லீங்களா?" என்றேன்.

"போலாமுங்க" என்றார். "நீங்களும் வாரீங்களா?"

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் போனோம். அவர், வீட்டம்மா, நான். பழத்தட்டு, பூ, எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டார். பண்ணை வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதிரில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை செல்போனை நோண்டிக்கொண்டு கதவோரம் நின்றான். மகள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கினாள். இளைத்திருந்தாள்.

"ஏனுங்க, ஒரு மீனுக்காவ எம் பையனை அத்தனை பேரு பாக்கையில அப்புடிச் சொல்லலாமுங்களா?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"தப்புத்தானுங்க" என்றார் இவர், உடனே. எழுந்து நின்றார். "போன்ல எல்லாரும் பாத்துட்டு இருக்கையில சொன்னது தப்பு. தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கோணும். மாப்ளைங்க, மன்னிச்சுக்கோங்க." கையைக் கூப்பினார். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அதோடு விட்டிருந்தால் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்போம். "ஆனா மீனை உட்டது தப்பில்லீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் இன்னும் உட்காரவில்லை. மகள் இருந்த பக்கம் திரும்பினார்.

"சாமி, அன்னைக்கு நான் பதில் சொல்லலை. நீ சொன்னது நெசம். உன்னையக் கேக்கலை. உனக்கு நல்லது எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன். உன்னையக் கேக்கோணும்னு தோணவே இல்ல சாமி. இப்பக் கேக்கறேன். உனக்கு இங்க இருக்கறதுக்குப் புடிச்சிருக்கா? நம்மூட்டுக்கு வாரியா? நீ எதைச் சொன்னாலும் சரி. நான் மாத்திப் பேச மாட்டேன்."

"இதென்னுங்க பேச்சு? வாழ வந்த புள்ளைகிட்டக் கேக்கற கேள்வியா இது?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். வீட்டம்மா என் பக்கம் பார்த்தார், எதையாவது சொல்லுங்கள் என்பதுபோல. நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். வெளியே பண்ணையில் கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மகள் அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பிறகு, "இவரு என்னையக் கேக்கலைங்கப்பா" என்றாள். புருசனைப் பார்த்துத்தான் சொன்னாள். "வாரியா இல்லியான்னு கத்துனாரு. அது கேக்கறது இல்ல. கேக்கட்டும். அப்பறம் சொல்றேன்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவன் போனை வைத்துவிட்டான். அந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத பையன். எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அம்மாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். கடைசியில், "இருக்கறியா?" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க. இப்ப அப்பாகூடப் போறேன்" என்றாள். பையை எடுக்க உள்ளே போனாள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் திருச்செங்கோட்டில் பழைய டிசைன் வேலைக்கே போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முதலில் போன் பண்ணினான். பிறகு வந்தான். பிறகு அடிக்கடி வந்தான். மறு வருடம் அவளாகத்தான் போனாள், வேலையை விடாமல். இன்றைக்கு இருவரும் மேட்டூருக்குத் தூண்டிலோடு போகிறார்கள், லைசன்ஸ் வாங்கிக்கொண்டு. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அதெல்லாம் முன்னால் வருவதில்லை. நாமக்கல்லிலிருந்து திரும்பி வந்த அந்த வழிதான் வருகிறது. நான் வண்டியை ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தாயும் மகளும். வண்டியில் ஏ.சி. வேலை செய்யவில்லை, கண்ணாடிகளை இறக்க யாருக்கும் தோன்றாததால் உள்ளே வெக்கை. மகள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள் போல. எலச்சிபாளையம் தாண்டியதும் அவர் பின்னால் திரும்பினார்.

"சாமி, கண்ணாடியை எறக்கட்டுமா? காத்து வரட்டுமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். "எறக்குங்கப்பா. இதுக்குமா கேப்பாங்க?"

அவர் கையைக் கண்ணாடிப் பிடியில் வைத்தார். வைத்தவர் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். வண்டி என்னுடையதல்லவா.

"எறக்கலாமுங்களா?" என்றார்.

இறக்குங்கள் என்று தலையை ஆட்டினேன்.